எட்டாவது டின்

ஐஸ் வியாபாரம் செய்கிறவனுக்குப் பொறுமை இருக்காது. பொறுமையாக இருந்தால் சரக்கு தண்ணீராகிவிடும். என் கோபத்துக்கு நான் எப்போதும் சொல்லும் சாக்கு இதுதான். என் பெண்டாட்டி தைலம்மாள் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

எலவனாசூர்கோட்டையில் சேலம் ரோட்டின் மேலேயே என் ஐஸ் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், உப்புத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டி, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் மைனஸ் பத்துக்குப் போனாலும் உறையாது. அதற்குள் தகர டின்களை வரிசையாக இறக்கி, டின்களில் நல்ல கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் பாளம் பாளமாக ஐஸ். ஆனால் உறைந்த பாளம் டின்னை விட்டு லேசில் வராது. டின்னைத் தூக்கிப் பக்கத்தில் இருக்கும் போர் தண்ணீர்த் தொட்டியில் பத்து எண்ணும்வரை முக்கிக் கவிழ்க்க வேண்டும். அப்போதுதான் வழுக்கிக்கொண்டு விழும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. இந்த மாதிரி வேலைக்குத்தான் அது ஆகும்.

முக்கிக் கவிழ்க்கிற வேலையைப் பதினெட்டு வருஷமாகச் செய்துவந்தவன் சடையன். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரன். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டான். தூங்கும்போதுகூட அவன் கை எதையோ தூக்கி முக்கிக் கவிழ்க்கும் என்று நான் கிண்டல் செய்வேன்.

எண்பத்தேழு செப்டம்பரில் ஏழு நாள் சாலை மறியல் அறிவித்தார்கள். படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று எங்கள் சனம் நடத்திய போராட்டம் அது. கேட்டது நியாயம்தான். என் அக்கா மகன் அன்புச்செல்வன் நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் மூன்று வருஷமாக ஏர் பின்னால் நடந்துகொண்டிருந்தான். அதனால் அவனும் கோடாரி தூக்கிப் போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் விடிவதற்குள் ரோட்டோரத்துப் புளிய மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. குச்சி ஐஸ் விற்கும் சைக்கிள்காரர்கள் ஒருத்தர்கூட வரவில்லை. அறுபது பாளம் தேங்கிக் கிடக்க, யார்மேல் எரிந்து விழலாம் என்று நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதற்கு முன்னாலும் மரம், பின்னாலும் மரம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் இறங்கி வந்தாள். கைத்தறிப் புடவை, கையில் ஆம்பளை வாட்ச்.

"அண்ணா, உங்க தொட்டி எத்தனை டிகிரியில இருக்கு?"

என் வாசலில் வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. "சில்லுனு இருக்கும்மா. உனுக்கு இன்னா வேணும், குச்சியா பாளமா?"

"ஐஸ் வேணாம் அண்ணா. என்கிட்டயே ஐஸ் இருக்கு. அதைக் காப்பாத்தணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ் கம்பெனிக்கே ஐஸ் எடுத்துவந்த முதல் ஆள் இவள்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் முகம் அது.

அவள் பெயர் கோகிலவாணி. கடலூர்க்காரி, விஞ்ஞானி. தென் துருவத்துக்குக் கப்பலில் போன குழுவில் அவளும் போயிருக்கிறாள். அங்கே பனியைக் குழாய் போட்டுக் குடைந்து, எண்பது மீட்டர் ஆழம்வரை உருளை உருளையாக ஐஸ் எடுத்திருக்கிறார்கள். அதில் எட்டுத் துண்டு அவள் பங்கு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கடலூரில் ஒரு மீன் கிடங்கில் வைத்திருந்தாள். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மறியல் இறுகுவதற்குள் சேலம் தாண்டிவிடலாம் என்று கோயம்புத்தூர் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் என் வாசலில் மாட்டிக்கொண்டாள்.

"நாம போர் போடறப்ப மேல செம்மண்ணு, கீழ சுக்கான் கல்லுனு மாறும் இல்ல? அதே மாதிரி இது. கீழ போகப் போகப் பழைய பனி. எட்டாவது துண்டுதான் ரொம்ப ஆழம். நானூறு வருஷத்துக்கு முந்தி பெஞ்சது."

"நானூறு வருசத்து ஐஸா!"

"உள்ள சின்னச் சின்னக் காத்துக் குமிழி இருக்கு. பஸ், லாரி, மில்லு எதுவும் இல்லாத காலத்துக் காத்து. அப்ப காத்து எப்படி இருந்துச்சு, எவ்வளவு குளிரு, எந்த வருஷம் கடல்ல புயல் ஜாஸ்தினு இதுலதான் தெரியும். புயல் அடிச்சா கடல் உப்பு பறந்து வந்து பனியில விழும். அந்த உப்பை அளந்து பார்ப்போம். நாலு வருஷ உழைப்பு அண்ணா. திரும்பப் போய் எடுக்க முடியாது. உருகவும் கூடாது, வெளி உப்பு ஒரு துளி படவும் கூடாது."

"வெளங்கும். என் தொட்டி முச்சூடும் உப்பும்மா."

இருந்தாலும் வேறு வழியில்லை. எட்டு டின்களைச் சுத்தமாகத் துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, மூடி போட்டு, வாய்ப்பக்கம் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தொட்டியில் வைத்தோம். சடையன் ஒவ்வொரு டின்னையும் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினான். அவள் சுண்ணாம்புக்கட்டியால் ஒன்றிலிருந்து எட்டுவரை எண் எழுதினாள். ராத்திரிக்கு எங்கள் வீட்டில் தைலம்மாளோடு படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை கம்ப்ரசர் ஒரு முனகல் முனகி நின்றது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், அன்புச்செல்வன் கூட்டம் புதிதாக வெட்டிய மரம் கரண்ட் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. கம்பி கட்ட ஆள் வர வேண்டுமானால் ரோடு திறக்க வேண்டும். ரோடு திறக்க இன்னும் ஐந்து நாள்.

"ஏன்டா, ஊர்ல வேற மரமே கெடைக்கலயா உனுக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அன்புச்செல்வன் தலையைச் சொறிந்தான். "தெரியாம உழுந்துட்சி மாமா. இப்ப இன்னா பண்ணணும் சொல்லு."

என்ன செய்ய வேண்டும் என்பது ஐஸ்காரனுக்குத் தெரியும். கரண்ட் இல்லாத காலத்தில் திருவிழாவில் என் அப்பா சேமியா ஐஸ் போட்ட வழிதான். ஐஸை உடைத்து உப்பைக் கலந்தால் வெறும் ஐஸைவிடக் குளிர் பல மடங்கு ஏறும். பெரிய மரப்பெட்டியில் அடியிலும் சுற்றிலும் உமி கொட்டினோம். நடுவே எட்டு டின்களை நிறுத்தி, இடைவெளியில் உடைத்த ஐஸும் உப்பும் மாறி மாறிப் போட்டு, மேலே நாலு கோணி. உமியும் உப்பும் அன்புச்செல்வன் சைக்கிளில் வந்தன. அந்த ஐந்து நாளும் எங்கள் ரோட்டில் தடையில்லாமல் போய்வந்த ஒரே சரக்கு அதுதான். என் பாளங்களை நானே சுத்தியலால் உடைத்தேன். கோகிலவாணி மணிக்கு ஒருதரம் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவள் கண் உள்ளே போய்விட்டது.

"ரேடியோல துப்பாக்கிச் சூடுன்னு சொல்றாங்க, நீ ஐஸப் பாத்துக்கினு இருக்கியே" என்று தைலம்மாள் என்னை ஏசினாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அக்கா மகன் ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். கையில் வேலை இருந்ததால் அந்தப் பயத்தைத் தாங்க முடிந்தது.

ஐந்தாம் நாள் காலை. உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸும் உப்பும் போட வேண்டும். கோகிலவாணி முகம் கழுவ வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சடையன் பெட்டியிலிருந்து டின்களை வெளியே எடுத்தான். ஏழு டின்களைக் கோணிமேல் வரிசையாக வைத்துவிட்டான். எட்டாவது டின் மூடி கழன்று விழுந்தது. மூடி இல்லாத டின், கையில் சில்லென்ற தகரம், எதிரே தண்ணீர்த் தொட்டி. பதினெட்டு வருஷப் பழக்கம் அவனைக் கேட்காமலே வேலையைச் செய்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் டின்னைத் தொட்டியில் முக்கி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.

"டேய்!"

அந்தச் சத்தத்தில் அவன் பதறிக் கவிழ்த்தான். உறை நழுவி, நானூறு வருஷத்து ஐஸ் ஈரத் தரையில் உருண்டது. டின்னுக்கு வெளியே ஒட்டியிருந்த உப்பும், போர் தண்ணீரும் அதன் உடம்பெல்லாம் வழிந்தன. 'டிக்' என்று ஒரு சத்தம். பக்கவாட்டில் முடிபோல ஒரு விரிசல்.

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "மலைக்காரன கொண்டாந்து மிஷின்கிட்ட வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்! போடா, மலைக்கே போ!" என்றேன். பதினெட்டு வருஷத்தில் அவனை அப்படிச் சொன்னதே இல்லை.

சடையன் ஐஸை எடுத்து உறையில் போட்டு, டின்னில் வைத்து, டின்னைப் பெட்டிக்குள் இறக்கினான். தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி மேற்கே நடந்தான். விழுந்து கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கிப் போகிறவனை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கூப்பிடவில்லை. கோபம் இறங்குவதற்குள் அவன் மறைந்துவிட்டான்.

கோகிலவாணி வந்து விஷயத்தைக் கேட்டதும் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் உப்பு மூட்டைமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்தாள்.

"மேல் தோலைச் சீவித்தான் ஆராய்ச்சியே பண்ணுவோம் அண்ணா. மேல மட்டும் பட்டிருந்தா தப்பிச்சோம். விரிசல் வழியா உள்ள போயிருந்தா இது செத்துது. உப்புத் தண்ணி உறையாது, இறங்கிக்கினே போகும். இப்பவே சீவிப் பாக்கணும்."

அவளுக்கும் பதட்டத்தில் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

அவள் பெட்டியில் ஒரு பழுப்பு நிறக் குப்பி இருந்தது. சில்வர் நைட்ரேட்டாம். சீவிய ஐஸைக் கிளாஸில் உருகவிட்டு அதில் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருக்கிற தண்ணீர் பால்போல வெளுக்கும். உப்பு இல்லையென்றால் அப்படியே தெளிவாக நிற்கும். நான் ஓடிப்போய் சர்பத் கிளாஸ்கள் எடுத்துவந்தேன். சும்மா எடுத்துவரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு அழுக்குக் கிளாஸ் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் மூன்றுதரம் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தேன்.

விரிசல் ஓடிய இடத்தில் கத்தியால் ஒரு சீவல். சொட்டு விட்டாள். வெளுத்தது. "இது வெளிப்பக்கம், வெளுக்கத்தான் செய்யும்" என்றாள். இரண்டாவது சீவல். வெளுத்தது. மூன்றாவது சீவலுக்கு விரிசலே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. சொட்டு விட்டாள். அதுவும் வெளுத்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "உள்ள போயிடுச்சு அண்ணா" என்றாள். ஐந்து நாளாகத் தேக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் வந்தது. நாலு வருஷம், கப்பல், புயல், பனி எல்லாம் என் கொட்டகைத் தரையில் முடிந்துபோனது. அவளைத் தேற்றத் தெரியாமல் அந்த மூன்று கிளாஸையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. மேலே இருந்து உள்ளே போகப் போக உப்பு குறையத்தானே வேண்டும்? கருவாட்டைக் கழுவினால்கூட முதல் தண்ணீரைவிட மூன்றாம் தண்ணீரில் உப்பு கம்மியாக இருக்கும். இங்கே இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வெளுப்பு. மூன்று கிளாஸுக்கும் பொதுவாக இருப்பது என்ன? என் கைதான். நான் கழுவிய தண்ணீர்தான்.

"அம்மா, ஐஸே போடாத ஒரு கிளாஸ்ல அந்த மருந்த ஊத்துங்க."

"எதுக்கு?"

"ஊத்துங்களேன். அடியில ரெண்டு சொட்டு ஈரம் கீது பாருங்க, அதுல ஊத்துங்க."

ஊற்றினாள். எலவனாசூர்கோட்டை போர் தண்ணீர் அழகாக வெளுத்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க கிளாஸைக் கழுவினீங்களா?"

"மூணுதரம்."

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கமில்லாம என் மூளை எங்க போச்சு! இதைக் கேக்காம விட்டேனே! சுத்தமான தண்ணி வேணும் அண்ணா. காய்ச்சி வடிச்ச தண்ணி. பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அது."

ரோட்டில் இறங்கி நான் போட்ட கூச்சலில் அன்புச்செல்வன் ஓடிவந்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் பதினைந்து லாரி நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் சீல் உடைக்காத பேட்டரி தண்ணீர் இரண்டு கேனோடு வந்தான். எதற்கு என்று கேட்காமல் மரத்தை வெட்டியவன், எதற்கு என்று கேட்காமல் தண்ணீரும் கொண்டுவந்தான்.

முதலில் பேட்டரி தண்ணீரையே சோதித்தாள். தெளிவு. கிளாஸை அதிலேயே நாலுதரம் அலசினாள். மூன்றாவது சீவலில் மீதி கொஞ்சம் இன்னும் உருகாமல் ஒரு புது உறையில் பெட்டிக்குள் இருந்தது. அதைப் போட்டு உருகவிட்டோம். அது உருகும்வரை மூன்று பேரும் மூச்சு விட்டோமா என்று எனக்குச் சந்தேகம். அவள் குப்பியைச் சாய்த்தாள். சொட்டு விழுந்தது.

கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெயில் கிளாஸுக்குள் புகுந்து அப்படியே அந்தப் பக்கம் வந்தது. ஒரு பொட்டு வெளுப்பில்லை.

"உள்ள போகல" என்றாள். இன்னொரு தரம், "உள்ள போகவே இல்ல அண்ணா!" என்றாள். அன்புச்செல்வன் விசில் அடித்தான். நான் உப்பு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண்ணுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்டபோதுகூட எனக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. தைலம்மாளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த நிம்மதி அரை நாழிகைகூட நிற்கவில்லை. இது தெரியாமல் ஒருத்தன் மேற்கே நடந்துகொண்டிருந்தான்.

எட்டாம் நாள் ரோடு திறந்தது. அன்புச்செல்வன் ஆட்கள் கயிறு போட்டு மரங்களை இழுத்து ஒதுக்கி, வெள்ளை வேனுக்கு முதலில் வழிவிட்டார்கள். எட்டு டின்னும் இருந்த மரப்பெட்டியை உமியோடு அப்படியே வேனில் ஏற்றிக் கொடுத்தேன். என்னிடம் மிஞ்சியது இரண்டே பாளம். நானும் கள்ளக்குறிச்சிவரை வேனில் போனேன். இறங்கும்போது கோகிலவாணி வாயகன்ற ஒரு பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தாள்.

"எட்டாவது துண்டோட ஓரம். ஆராய்ச்சிக்கு வேணாம். சடையன் அண்ணாவுக்குக் குடுங்க. தண்ணியில போட்டுக் காதுகிட்ட வச்சுக் கேக்கச் சொல்லுங்க."

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ் ஏழு நாளுக்குப் பிறகு அன்றுதான் ஓடியது. கூட்டம் படியில் தொங்கியது. வளைவுக்கு வளைவு பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன், அடுத்த வளைவில் மறந்தேன்.

கரியாலூரில் சடையன் தன் மரவள்ளிக் கொல்லையில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் நடந்து வந்த கால் இன்னும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டான். தன்னைத் திட்டியதைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"அந்த அம்மா ஐஸ் இன்னா ஆச்சிங்க மொதலாளி?"

"நல்லா கீது சடையா. ஒண்ணும் ஆவல. உள்ள ஒரு சொட்டு எறங்கல. கோயமுத்தூருக்குப் போய்க்கினு இருக்குது."

அவன் வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் யோசித்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நான் பேசினது தப்புடா. அந்த வார்த்த பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவன் துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினான்.

அவன் பெண்டாட்டி பாப்பாத்தி ஒரு சொம்பில் சுனைத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிளாஸ்க்கைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் மிஞ்சியிருந்தது. சொம்பில் போட்டு அவனிடம் நீட்டினேன்.

"காதுகிட்ட வச்சிக் கேளு."

கேட்டான். கண்கள் விரிந்தன. என் காதில் வைத்தான். கடுகு பொரிகிற மாதிரி, ஆனால் ரொம்ப மெல்லிசாகச் சத்தம். நானூறு வருஷமாக அடைபட்டுக் கிடந்த காற்று பொட்டு பொட்டாக வெடித்துக் கல்வராயன் மலைக் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சடையன் பதறினான். "உருகிக்கினே போவுதே மொதலாளி, மூடி வைக்கட்டா?"

"உருகட்டும் உடு. இத நாம ஒண்ணும் காப்பாத்த வேணாம்."

இருபத்தைந்து வருஷ வியாபாரத்தில் ஐஸைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அன்றுதான். முழுசாகக் கரைந்து சத்தம் நிற்கும்வரை இரண்டு பேரும் சொம்பை மாற்றி மாற்றிக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாப்பாத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது சொன்னேன். "இன்னிக்கி கம்பி கட்டிடுவாங்க. நாளைக்கி தொட்டி ஓடும். நீ வந்து முக்கலன்னா ஒரு பாளம் டின்ன உட்டு வராது."

சடையன் வீங்கிய காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுக்கப் போனான்.